சம்பளத்தில் பிடித்த அன்பு

மழை பிடித்துவிட்டால் அந்தச் சலவைக்கூடத்தில் வேலை இரட்டிப்பாகும். நகரத்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையில் போடுகிற பச்சை அங்கி எல்லாம் அங்கேதான் வரும். வெயில் காலத்தில் பாதித் துணி மொட்டை மாடிக் கொடியிலேயே காய்ந்துவிடும். மழை வந்தால் அத்தனையும் இயந்திரத்துக்குள்தான் போக வேண்டும். அதற்கு நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர் மூச்சு விடாமல் எரிய வேண்டும். வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். உள்ளே நிற்கிறவர்களுக்கு மழை வெறும் சத்தம்தான். உடம்பெல்லாம் வேர்வை ஆறாக ஓடும்.

கறாரக்காவுக்கு மடிப்பு மேசையில் வேலை. சூடான உருளைக்கு அடியிலிருந்து விரிப்பு பலகை மாதிரி விறைத்து வெளியே வரும். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் இன்னொருத்தி. முனையைப் பிடித்து ஒரு உதறு, ஒரு மடிப்பு, மறு மடிப்பு, அடுக்கு. விரல் நுனிகள் சூடு பட்டுப் பட்டுக் காய்த்துப் போயிருந்தன. விரிப்பில் ஒரு சொட்டுக் கறை தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். "உன்னைப் பெத்தவ படுத்தா இதுல படுக்க வைப்பியா?" என்று கேட்பாள். சலவை இயந்திரத்தில் நிற்பவர்கள் வயிறெரிந்து வைத்த பேர் கறார். அது ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளைவிடச் சின்னவர்கள் அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அவள் புருஷன் அங்கேயே பாய்லர்காரன். அவள் நெருப்பென்றால் அவன் தண்ணீர். யார் எதைச் சொன்னாலும் "சரி விடு" என்பான். பாய்லரில் ஒரு வால்வு கசிகிறது, மாற்ற வேண்டும் என்று கோடை முழுக்க மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "பார்க்கலாம்பா" என்றார் மேனேஜர். அதற்கும் சரி விடு என்று சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டி ஓட்டினான். மழை தொடங்கி, பாய்லரை முழு வேகத்தில் எரிக்கச் சொன்ன வாரத்தில் அந்த வால்வு பிய்த்துக்கொண்டு அடித்தது. வலது கை தோளிலிருந்து விரல் வரை வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். தொடையிலிருந்து தோலெடுத்துக் கையில் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கான செலவை நினைத்தால் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

மேனேஜர் வீட்டுக்கு வந்தது அப்போதுதான். சொட்டச் சொட்டக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, கையில் ஒரு பை ஆப்பிளோடு, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நாத்தனார் ஓடிப்போய் டீ போட்டாள். புருஷனின் தங்கை அவள். அதே கூடத்தில் ஒப்பந்தக் கூலி. வருஷா வருஷம் மேனேஜர் தலையசைத்தால்தான் வேலை. அவர் வீடு தேடி வந்ததில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நல்ல சேதியோட வந்திருக்கேம்மா," என்றார் மேனேஜர். "இந்த வருஷம் அன்பு நிதி வெளியில யாருக்கும் இல்ல. நம்ம குடும்பத்துக்கே குடுத்துடலாம்னு முதலாளியம்மா சொல்லிட்டாங்க."

"எந்தக் குடும்பம் சார்?" என்றாள் கறாரக்கா.

"உங்க குடும்பம்தான். கம்பெனியே ஒரு குடும்பம்தானே."

அன்பு நிதி என்பது மாதா மாதம் எல்லோர் சம்பளத்திலும் பிடிக்கிற பணம். சம்பளச் சீட்டில் 'அ.நி.' என்று போட்டிருக்கும். அநியாயம் என்று முழுசாகப் போட இடம் பத்தவில்லை போலிருக்கிறது என்று சலவைக்காரர்கள் சிரிப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அதை அள்ளி ஏதாவது இல்லத்துக்கோ பள்ளிக்கோ முதலாளியம்மா கொடுப்பார். ஆபீஸ் நடையில் வரிசையாகப் போட்டோக்கள்: சக்கர நாற்காலியோடு முதலாளியம்மா, புத்தகப் பையோடு முதலாளியம்மா. முதல் வருஷம் கறாரக்காவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நடக்க முடியாத பிள்ளைகளுக்கு நம் பணம் போகிறதே என்று. அப்புறம் ஒரு போட்டோவிலாவது தொழிலாளி ஒருத்தரின் முகம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை.

"சந்தோஷம் சார்," என்றாள். "அப்போ விபத்துக்குக் கம்பெனி குடுக்க வேண்டிய பணம்?"

"அதான் இது."

"இது எங்க சம்பளத்தில பிடிச்சதாச்சே."

மேனேஜர் ஆப்பிள் பையை ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்காலுக்கு மாற்றினார். "ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா. நீங்க கேக்கற பணம்னா கேஸு, வாய்தா, வருஷக்கணக்கா இழுக்கும். இவன்தான் வால்வைச் சரியாப் பார்க்கலன்னு நாங்களும் சொல்ல வேண்டி வரும். எதுக்கு அந்த வம்பு? இது வெள்ளிக்கிழமை கைக்கு வந்துடும். சின்னதா ஒரு விழா. ரெண்டு பேரும் வந்து வாங்கிக்கங்க. வாங்கினப்புறம் அந்த விபத்துப் பணத்தைக் கேக்கக் கூடாது. அவ்வளவுதான்."

டீயைப் பாதி குடித்துவிட்டு எழுந்து போனார். ஆப்பிள் பை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முட்டையை அவித்துச் சோற்றில் பிசைந்தாள். வலது கை கட்டுக்குள் இருந்ததால் அவள்தான் ஊட்ட வேண்டும். ஒவ்வொரு உருண்டைக்கும் அவன் வாயைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பான். நாற்பது வயது ஆணுக்கு அது லேசில் பழகுகிற காரியம் இல்லை.

"வாங்கிடலாம்," என்றான் மென்றுகொண்டே.

"என்னத்த?"

"அதான், பணத்த. காசுல பேரா எழுதியிருக்கு? யார் குடுத்தா என்ன?"

"எழுதலதான். அதனாலதான் அவங்க பேரை எழுதிக்கறாங்க. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு நம்ம கூட இருக்கறவங்க காசை எடுத்து நமக்கே தர்மம் பண்றாங்க. உங்க கையை வேக வெச்சதுக்கு அவங்க சொந்தப் பணத்தில ஒரு பைசா இறங்கல."

நாத்தனார் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். "அண்ணி, நீங்க கறாரா இருக்கறதெல்லாம் விரிப்புல இருக்கட்டும். இது எங்கண்ணன் கை. விரல் மடங்கிப் போச்சுன்னா ரோஷத்தை வெச்சு நிமித்துவீங்களா?"

"உன் அண்ணன் எனக்கும் புருஷன்தான்."

"அப்ப வாங்குங்க. மேனேஜர் வந்து உக்காந்து சொல்லிட்டுப் போறாரு. மாட்டேன்னா அடுத்த மாசம் என்னைத்தான் முதல்ல நிறுத்துவாரு. எனக்குன்னு யாரு இருக்கா, சொல்லுங்க."

அவள் சொன்னதில் பொய் இல்லை. கறாரக்கா கடைசி உருண்டையை ஊட்டிவிட்டுக் கையைக் கழுவினாள்.

"வரேன்," என்றாள். "மேடையில நிக்கறேன். ஆனா சிரிக்கச் சொல்லாதீங்க. வாயைத் திறக்க மாட்டேன். அது மட்டும்தான் என்னால முடியும்."

"சரி விடு," என்றான் புருஷன்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் சம்பள ஜன்னலுக்குப் போனாள். கணக்குப் பிள்ளை நல்ல மனுஷர், பயந்த சுபாவம்.

"என் சம்பளத்தில அன்பு நிதி பிடிக்கறத நிறுத்தணும்ணே. என் வீட்டுக்கே வருதாம். என் காசை எடுத்து எனக்கே குடுக்கறது எதுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிறுத்தறதுக்கு வழி இல்லியேம்மா."

"சேர்றதுக்கு வழி இருந்துச்சு, விலகறதுக்கு இல்லியா?"

"சேர்றதுக்கும் வழி கிடையாது. வேலைக்கு வந்தாத் தானாச் சேர்ந்துடும்."

"இதைத்தான் மனமுவந்து குடுக்கறதா ஆபீஸ் நடை போர்டுல எழுதியிருக்காங்களா?"

"என்னை ஏம்மா கேக்கறே? நான் பென்சிலுக்குக்கூட எழுதிக் கேட்டுத்தான் வாங்கறேன்," என்றார் அவர். அவள் சிரித்துவிட்டுத் திரும்பினாள். சிரிப்பு மேசை வரைக்கும்கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் உருளையை நிறுத்தினார்கள். அது நின்ற பிறகுதான் கூரை மேல் விழும் மழை எவ்வளவு பெரிதென்று எல்லோருக்கும் காதில் விழுந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளி, சின்ன மேடை போட்டிருந்தார்கள். ஈர முடியும் சோப்பு வாசனையுமாகத் தொழிலாளிகள் நின்றார்கள். முதலாளியம்மா நேரத்துக்கு வந்தார். கடுமையான ஆள் என்று சொல்ல முடியாது. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், குழந்தைகளைப் பற்றி விசாரிப்பார். அவர் பேச்சில் இனிப்பு ஒட்டியிருக்கும். அன்றைக்கும் குடும்பம், ஒரே கூரை, ஒருவருக்கு வலித்தால் எல்லோருக்கும் வலிக்கும் என்றெல்லாம் பேசினார். அந்தக் கூரையின் மூலையில் ஒழுகிய தண்ணீருக்கு அடியில் யாரோ வாளி வைத்திருந்தார்கள்.

பிறகு ஒரு பலகையைக் கொண்டுவந்தார்கள். ஆள் உயரத்துக்குச் செக். கீழே கம்பெனி பேர், முதலாளியம்மாவின் கையெழுத்து. பாய்லர்காரனை ஒரு பக்கம் நிறுத்தி, கறாரக்காவை அவனுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நாத்தனார் முதல் வரிசையில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

போட்டோக்காரன் கேமராவை இறக்கினான். "அண்ணே, கட்டுப் போட்ட கை பலகைக்குப் பின்னால போயிடுது. கொஞ்சம் வெளிய எடுங்க."

அவன் எடுத்தான்.

"இன்னும் மேல. கட்டு தெரியணும்ணே. அதுதானே விஷயம்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோவது அவனுக்கு எப்படியிருக்கும் என்று கறாரக்காவுக்குத் தெரியும். சட்டை மாட்டிவிடுகிறவள் அவள்தான். அவன் கழுத்துப் பின்னால் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது.

"கொஞ்சம் சிரிங்க," என்றார் முதலாளியம்மா மெதுவாக. "ஒரு நிமிஷம்தான்."

அவன் கையை இறக்கினான். இடது கையில் பிடித்திருந்த பலகை முனையையும் விட்டான். அது சரிந்து மேடையில் படுத்தது.

"இதை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்கம்மா," என்றான்.

மைக் அவன் முன்னால் இல்லை. ஆனால் உருளை நின்றிருந்ததால் அவன் குரல் கடைசி ஆள் வரைக்கும் போயிற்று.

"கையைத் தூக்கிக் காட்டச் சொல்றீங்க. வெந்த அன்னிக்கே வந்திருந்தா கட்டுப் போடறதுக்கு முன்னாடியே பார்த்திருக்கலாம். வால்வு போச்சு, மாத்துங்கன்னு கோடையெல்லாம் கேட்டேன். அதை மாத்தியிருந்தா இந்தப் பலகைக்கு வேலையே இல்ல."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்பா," என்று மேனேஜர் தோளைத் தொட வந்தார். அவன் நகர்ந்துகொண்டான்.

"எனக்குப் பணம் வேணாம்னு சொல்லல. ரொம்ப வேணும். என் வீட்டுக்காரியைக் கேளுங்க, வாங்கிடலாம்னு சொன்னவனே நான்தான். ஆனா இது இதோ நிக்கறாங்களே, இவங்க பணம். இவங்க குடுத்தா வாங்கிக்கறேன், கூச்சமில்ல. உங்ககிட்ட நான் வாங்க வேண்டியது வேற. அதுக்கு நான் கையைத் தூக்கிக் காட்ட வேண்டியதில்ல."

முதலாளியம்மாவின் முகத்தில் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. பின்னாலிருந்து சலவை இயந்திரத்து மூத்தவர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், எங்க சம்பளத்தில பிடிக்கறதையும் நிறுத்தச் சொல்லிடுங்க. குடுக்கறதை நாங்களே குடுத்துக்கறோம்."

கறாரக்கா அன்றைக்குச் சொன்ன சொல் தவறவில்லை. வாயே திறக்கவில்லை. புருஷனின் நல்ல கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். கல்யாணமான நாளிலிருந்து சரி விடு, சரி விடு என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்திருந்தது. இந்த மனுஷனுக்குள் இப்படி ஒருத்தன் இத்தனை நாள் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, குடையை அவன் பக்கமே சாய்த்துப் பிடித்தாள். நாத்தனார் நனைந்துகொண்டு பத்தடி முன்னால் போனாள்.

"உள்ள வாடி, நனையாதே," என்று கறாரக்கா கூப்பிட்டாள்.

"உங்க குடையில ரெண்டு பேருக்குத்தான் இடம்," என்றாள் அவள் திரும்பாமலே.

"அவ பேசுவா," என்றான் அவன். "வலி அவளுக்கும்தான்."

"உங்களுக்கு?"

"எனக்கு உயிர் போகுது. வேகமா நட."

திங்கட்கிழமை கறாரக்காவை மடிப்பு மேசையிலிருந்து தூக்கி அழுக்குப் பிரிவில் போட்டார்கள். ஆஸ்பத்திரி மூட்டைகளை அவிழ்த்துத் தரம் பிரிக்கிற இடம். ரத்தம், சீழ், மலம், சுருட்டிய துணிக்குள் மறந்துபோன ஊசி. புதிதாக வருகிறவர்கள் வாந்தி எடுப்பார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு நின்றாள். "எப்படிம்மா இருக்கு?" என்று மேனேஜர் வாசலிலிருந்தே கேட்டார். "நல்லாத்தான் இருக்கு சார். இங்க அழுக்கு வெளிப்படையா இருக்கு," என்றாள். அவர் அதற்கு மேல் நிற்கவில்லை.

சலவைக்காரர்களும் மடிப்புக்காரிகளும் ஒவ்வொருவராக ஜன்னலுக்குப் போய் நிறுத்துங்கள் என்றார்கள். கணக்குப் பிள்ளை கண்ணாடியைத் துடைத்தே தேய்த்துவிட்டார். முடியாது என்றது ஆபீஸ். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். இங்கே போ, அங்கே போ என்று அலைய விட்டார்கள். கடைசியில் ஓர் அதிகாரி காது கொடுத்துக் கேட்டார். விபத்துக்கு வழக்குப் பதிவாயிற்று. சம்மதம் கேட்காமல் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று கம்பெனிக்கு ஓலை போனது. பாய்லரைப் பார்க்க ஆள் வந்து, இன்னும் ஒட்டுப் போட்டே ஓட்டிக்கொண்டிருந்த வால்வைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, மாற்றும் வரைக்கும் எரிக்கக் கூடாதென்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கூடமே குளிர்ந்து கிடந்தது.

வழக்கு முடிய அடுத்த மழை வரைக்கும் ஆயிற்று. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, கிடைத்தது கம்பெனியின் சொந்தப் பணம். நாத்தனாரை மேனேஜர் நிறுத்தத்தான் பார்த்தார். அவளை நிறுத்தினால் உருளையை ஓட்ட மாட்டோம் என்று மடிப்பு மேசை முழுக்கச் சொன்னதில் அது நடக்கவில்லை. ஆனால் தோல் வைக்க டாக்டர் அடுத்த மழை வரைக்கும் காத்திருக்க மாட்டாரே. அதற்கு வழி பிறந்தது விழா நடந்த மாதத்துச் சம்பள நாளில்.

அன்றைக்குச் சம்பளச் சீட்டில் அ.நி. இல்லை. வேலை முடிகிற நேரத்தில் நாத்தனார் அழுக்குப் பிரிவுக்கு வந்தாள். விழா நடந்த நாளுக்குப் பிறகு அவள் அண்ணியோடு பேசியதில்லை. கையில் ஒரு தலையணை உறை, சுத்தமாக வெளுத்தது.

"வெளிய எல்லாரும் நிக்கறாங்க. எங்கண்ணன் கைக்காக. நீங்க வந்து வாங்கிக்கங்க," என்றாள்.

"நீயே வாங்கி வெச்சிக்கயேன். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"குடுக்கறவங்க தலை நிமிந்து நிக்கறாங்க. வாங்கறவங்க ஏன் ஒளியணும்? கையில வாங்காதீங்க, யார் எவ்வளவுன்னு தெரிஞ்சு போகும். கொஞ்சமாப் போடறவங்களுக்குக் கூச்சமா இருக்கும். இதுல கையை விட்டுப் போடச் சொல்லுங்க." உறையை நீட்டினாள். கொஞ்சம் நின்று, "உங்க மேல கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க அண்ணி," என்றாள்.

"நினைக்கல."

கறாரக்கா கையுறைகளைக் கழற்றி, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். அவள் பிறத்தியாருக்குக் கொடுத்திருக்கிறாள், வாங்கியதில்லை. வெளிக்கதவுக்குப் போகிற அந்த நடை அவளுக்கு அழுக்கு மூட்டை தூக்குவதைவிடக் கனத்தது. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கதவோரம் நின்று இரண்டு கையாலும் உறையின் வாயை விரித்துப் பிடித்தாள். சலவை இயந்திரத்து மூத்தவர் முதலில் வந்தார். மணிக்கட்டு வரை கையை விட்டு எடுத்துவிட்டு, "கறை இருந்தாத் திருப்பி அனுப்பாதே தாயி," என்றார். வரிசை சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் நின்றதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருத்தி வந்து, "இந்த மாசம் என்னால முடியலக்கா," என்று வெறுங்கையை உள்ளே விட்டு எடுத்தாள். அவளுக்கும் தலையசைத்தாள் கறாரக்கா.

கணக்குப் பிள்ளை அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு வந்து போட்டுவிட்டு ஓடினார். அவருக்குப் பின்னாலேயே மேனேஜர் குடையோடு வந்து நின்றார். உறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மேடையில கௌரவமா குடுத்தப்ப வேணாம்னீங்க. இப்ப வாசல்ல நின்னு பிச்சை எடுக்கறீங்களாம்மா?"

நாத்தனார் ஒரு அடி முன்னால் வந்தாள். கறாரக்கா அவளைப் பார்வையாலேயே நிறுத்தினாள். உறையைக் கீழே இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் விரித்துப் பிடித்தாள்.

"ஆமா சார், எடுக்கறேன். யார்கிட்ட எடுக்கறேன்னு எனக்குத் தெரியுது, யாருக்குக் குடுக்கறோம்னு அவங்களுக்குத் தெரியுது. உங்களுக்கும் மனசிருந்தா கையை விடுங்க. இல்லன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னால ஆள் நனையுது."